படங்களுக்குக் கீழே இருந்த வரிகள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை, கையேடு எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பல்கலைக்கழக நூலகம் தன் விரிவுரையாளர்களுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதித் தரச் சொல்லியிருந்தது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'வகுப்பறையில் பிறர் படைப்புகள்: பதிப்புரிமை அடிப்படைகள்'. எளிய தமிழில் இருக்க வேண்டும், படிப்பவர் கொட்டாவி விடக் கூடாது என்பவை நிபந்தனைகள். மூன்றாம் பக்கம் எழுதும்போது நானே கொட்டாவி விட்டேன்.

அந்தப் பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. நூலகத்தின் பதிப்புரிமை அலுவலரிடம் கேட்டேன். அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "ஒரு விரிவுரையாளர் ஒரு புத்தகத்துல இருந்த படத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டுட்டாங்க. வரைஞ்சவங்களோட பொண்ணு பார்த்துட்டாங்க. அப்புறம் சரியாப் போச்சு."

மூன்றாவது வாக்கியம் உறுத்தியது. எப்படிச் சரியாகப் போனது? அதைக் கேட்டுக்கொண்டு அந்த விரிவுரையாளரைத் தேடிப் போனேன். கையேடு ஒரு பக்கம் கிடக்க, இது வளர்ந்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் தன் கணினியைத்

(நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: பதிப்புரிமை என்பது படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் பல பத்தாண்டுகளும் நீடிக்கும் ஓர்

(இது கையேட்டின் இரண்டாம் பக்கம். வழி தவறி இங்கே வந்துவிட்டது.)

மூன்றாம் முயற்சி. இதையே வைத்துக்கொள்வோம்.

அவரை மாணவிகள் 'கை மேடம்' என்பார்கள். முகத்துக்கு நேரே அல்ல. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. செவிலியர் கல்லூரியில் பேறுகாலப் பராமரிப்பு சொல்லிக்கொடுப்பவர். கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்து, குழந்தையின் தலை எங்கே, முதுகு எங்கே, காலை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதுதான் அவருடைய முக்கியமான பாடம். ஸ்கேன் மெஷின் வந்து சேர்வதற்குள் கை சொல்லிவிட வேண்டும் என்பார்.

அந்தப் பாடத்துக்கு அவரிடம் பதினான்கு பென்சில் படங்கள் இருந்தன. அவர் படித்த காலத்தில் மூத்த மாணவி ஒருத்தி கொடுத்த நகல் அது. நகல் என்றால் நகலின் நகல். ஒல்லியான ஒரு பழைய புத்தகம், அட்டை இல்லை, முன்னுரை இல்லை. வரைந்தவர் ஒரு செவிலியர் என்பது மட்டும் ஒரு மூலையில் தெரிந்தது. பதிப்பகம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஆனால் படங்கள்! வயிறு, அதன் மேல் ஒரு கை, தோல் கண்ணாடியானது போல உள்ளே குழந்தை. வேறு பாடநூல்களில் வயிறு இருக்கும், குழந்தை இருக்கும். எந்த விரல் மடிய வேண்டும், எது அழுத்த வேண்டும் என்று காட்டும் அந்தக் கை மட்டும் எதிலும் இருக்காது.

ஒன்பது வருடம் அந்தப் படங்களை வைத்துத்தான் பாடம் நடத்தினார். துறைக்கு இணையப் பக்கம் திறந்தபோது பதினான்கையும் ஸ்கேன் செய்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் நகல் இயந்திரம் அப்பிவிட்ட கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதைச் சுத்தமாக வெட்டிவிட்டு ஏற்றினார். கீழே 'நன்றி: பழைய மருத்துவ நூல்' என்று போட்டார். கடவுச்சொல் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதையும் அவர் ஒளித்துச் செய்யவில்லை. நல்லது செய்கிறோம் என்ற தெம்போடு செய்தார்.

[தெம்போடு வேண்டாம். யோசிக்காமல் செய்தேன் என்று போடுங்கள்.]

யோசிக்காமல் செய்தார்.*

* இந்தக் கதையின் படியை மற்றவர்களுக்கு முன்னால் அவர் படிக்க வேண்டும் என்பது கை மேடம் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை. சதுர அடைப்புக்குள் இருப்பவை அவர் பென்சிலில் எழுதியவை. விட்டுவைக்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்.

3

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் துறையின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது.

அதை அப்படியே இங்கே தந்தால் கதைக்கு நல்லது. தர முடியாது. கடிதம் யார் கைக்கு வந்ததோ அவருக்குத் தாள்தான் சொந்தம். வாசகங்கள் எழுதியவருக்கே சொந்தம். (கையேடு, பக்கம் ஐந்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.) நடந்ததைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதால் சாரத்தை மட்டும் சொல்கிறேன். எழுதியவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். இனி அவரைக் கண்ணாடிக் கடைக்காரர் என்கிறேன். லென்சுக்காகக் காத்திருந்த கர்ப்பிணி ஒருவர் பொழுதுபோகாமல் தன் போனைக் காட்டி, என் குழந்தை இப்போது இப்படித்தான் இருக்கிறதாம் என்றிருக்கிறார். போனில் இருந்தது, ஆறு வருடம் முன்பு இறந்துபோன, கடைக்காரரின் அம்மா வரைந்த படம். யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? அதுகூடப் போகட்டும், அம்மா கீழே எழுதியிருந்ததை எதற்கு வெட்டினீர்கள்?

கை மேடம் எழுந்தார். அலமாரியிலிருந்து பழைய நகலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புப் பட்டை கறுப்புப் பட்டையாகவே இருந்தது. சாய்த்துப் பிடித்தபோது நடுவில் ஏதோ ஒரு கொக்கி, ஒரு சுழி. எழுத்தாக இருக்கலாம். ஒன்பது வருடமாக அதை அழுக்கு என்றே நினைத்திருந்தார்.

அன்றைய வகுப்பில் பெயர் கூப்பிடும்போது இரண்டு பேரை விட்டுவிட்டார்.

4

பதிப்புரிமை அலுவலருக்கு 'எத்தனை பக்கம்' என்று பெயர். யார் எதற்காகப் போனாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

முதல் படியில் இவரை நான் வில்லனாக்கியிருந்தேன். தடித்த கண்ணாடி, கோப்பு மலை, சிடுசிடுப்பு. எழுத எழுத வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் அப்படி இல்லை. நூலகத்தின் கீழ்த்தளத்தில், நகல் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். இயந்திரத்தின் மேல் அவர் ஒட்டிய மஞ்சள் அறிவிப்பை இதுவரை யாரும் படித்ததில்லை என்பது அவருக்கே தெரியும். கை மேடம் கையில் தாள்களோடு நுழைந்ததும், தாள் பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார். வில்லன்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

"எத்தனை பக்கம்?"

"பதினாலு படம்."

"புத்தகத்துல மொத்தம் எத்தனை?"

"பதினாலுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கை மேடம் தன் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். புத்தகம் எங்கும் கிடைப்பதில்லை. பதிப்பகமே இல்லை. தனக்கு எந்த லாபமும் இல்லை. பாடத்துக்காகச் செய்தது. நன்றியும் போட்டிருக்கிறேன். அலுவலர் எதற்கும் குரல் உயர்த்தவில்லை. கடையில் கிடைக்காத புத்தகத்துக்கும் உரிமை உண்டு என்றார். பதிப்பகம் மூடினாலும் வரைந்தவருடைய உரிமை மூடிவிடாது, அவருக்குப் பின் அது பிள்ளைகளுக்குப் போகும் என்றார். பாடம் நடத்துகிறவர்களுக்குச் சட்டத்தில் சலுகை உண்டு, ஆனால் நாட்டுக்கு நாடு அது மாறும். பொதுவாகப் பார்த்தால், தேவையான பகுதியை மட்டும், தன் மாணவர்களுக்கு மட்டும், யாருடையது என்று சொல்லிக் காட்டலாம்.

"நாலு படத்தை வகுப்புல காட்டியிருந்தா உங்களுக்கும் எனக்கும் அறிமுகமே ஆகியிருக்காது மேடம். நீங்க மொத்தத்தையும் எடுத்து, தெருக்கதவைத் திறந்து வெச்சிட்டீங்க."

"அதான் நன்றி போட்டேனே."

"நன்றி சொல்றது மரியாதை. கேக்குறது வேற."

கை மேடம் தாள்களை அடுக்கினார். பிறகு, அப்படியானால் வயிற்றில் கைவைக்கும் முறையையே இனிச் சொல்லித்தரக் கூடாதா என்று கேட்டார். கேட்கும்போது குரல் கம்மியது.

[கம்மவில்லை. கோபமாகத்தான் கேட்டேன்.]

கோபமாகத்தான் கேட்டார். அலுவலர் முதல்முறையாகச் சிரித்தார். முறை யாருக்கும் சொந்தமில்லை, அந்தக் கோடுகள்தான் சொந்தம் என்றார். வேண்டுமானால் நீங்களே வரைந்துகொள்ளலாம். முதலில் கதவைச் சாத்துங்கள், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள்.

"என்னன்னு எழுத?"

"சாக்கு சொல்லாம எழுதுங்க."

5

மதியத்துக்குள் கை மேடம் இணையப் பக்கத்தை எடுத்துவிட்டார்.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் தானே வரைந்தார். ஒன்பது வருடம் பார்த்த படங்கள், கண்ணை மூடினால் கோடு கோடாகத் தெரிபவை. ஆனால் கைக்கு அது வரவில்லை. வயிறு சரிந்த மூட்டை போல வந்தது. உள்ளே குழந்தை, சுருட்டி வைத்த தலையணை.

முன் வரிசையில் ஒருத்தி தயங்கித் தயங்கி, அது தலையா மேடம் என்று கேட்டாள்.

"முழங்கால்."

வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் பிற்பகல் செய்முறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. பொம்மை வயிற்றுக்குள் குழந்தையைத் தலை மேலாக உட்காரவைத்து, துணி போர்த்தி, பன்னிரண்டு பேரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஏழு பேர் இடுப்பைத் தலை என்றார்கள். போன வருடம் அதே சோதனையில் தவறியவர் ஒருவர்தான். அடுத்த மாதம் இவர்கள் பிரசவ வார்டுக்குப் போக வேண்டும். அங்கே துணிக்கு அடியில் இருப்பது பொம்மை அல்ல.

6

கடிதம் மூன்று முறை எழுதப்பட்டது. இது கை மேடத்தின் எழுத்து, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

முதல் படி: 'கல்வி நோக்கத்திற்காக மட்டுமே, எவ்வித உள்நோக்கமும் இன்றி, மாணவர் நலன் கருதி' என்று போய்க்கொண்டே இருந்தது. எத்தனை பக்கம் சார் அதன் மேல் ஒரே கோடு இழுத்தார்.

இரண்டாம் படி முழுக்க மன்னிப்பு. அதற்கும் ஒரு கோடு. படிக்கிறவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்றாராம்.

மூன்றாம் படி இது: 'உங்கள் அம்மாவின் படங்களைக் கேட்காமல் எடுத்தது நான்தான். நீக்கிவிட்டேன், இப்போது அவை இணையப் பக்கத்தில் இல்லை. கீழே எழுத்து இருந்தது எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பதை நீங்கள் பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன். படங்களை என் வகுப்பில் மட்டும் பயன்படுத்த அனுமதி தருவீர்களா என்று கேட்கவும் விரும்புகிறேன். மறுத்தாலும் வருவேன்.'

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது.

7

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கை மேடத்தைவிட நாலைந்து வயது கூட இருக்கும். உள்ளே நுழைந்தவரை உட்காரச் சொல்லாமல், கையிலிருந்த வேலையை முடித்தார். ஒரு லென்சைச் சட்டத்தில் பொருத்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, துடைத்து, உறையில் போட்டார். அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக இருந்தது என்று எழுதினால் எல்லாரும் எழுதுவது போல் ஆகிவிடும். ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகத்தான் இருந்தது. சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைப் படிக்கப் பார்த்துத் தோற்றதாகக் கை மேடம் சொன்னார்.

பிறகு கண்ணாடிக் கடைக்காரர் பேசினார். "போட்டதுக்குக்கூட எனக்கு அவ்வளவு கோவம் இல்லை மேடம். அம்மா எழுதினதை வெட்டினீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை."

கை மேடம் கைப்பையைத் திறந்தார். தன் நகலை எடுத்து மேசைமேல் விரித்தார். கண்ணாடிக் கடைக்காரர் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, அந்தக் கறுப்புப் பட்டை மேல் வைத்துக் குனிந்தார். முதல் தாள். இரண்டாவது தாள். ஐந்தாவதில் நிமிர்ந்தார். நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சரிபார்க்கிறவர் அவர். அந்தப் பட்டையில் அவருக்கே எதுவும் தெரியவில்லை.

"எழுத்துன்னே தெரியலையே" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைக் கோப்பு வந்தது. அசல் படங்கள். கோடுகள் அவ்வளவு மெல்லியவை என்று கை மேடத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு வரி. பதினான்கில் ஒரு வரியை மட்டும் இங்கே தர எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஏழாவது படம், குழந்தை தலையை மேலே வைத்து உட்கார்ந்திருப்பது:

'முப்பத்திரண்டாவது வாரம். இன்னும் உட்கார்ந்தே இருக்கிறாய். இரு, அவசரமில்லை.'

கை மேடம் அதை இரண்டு முறை படித்தார். "அப்படின்னா இந்த வயிறு..."

"அம்மாவோடது."

"உள்ளே இருக்கிறது?"

"நான்தான்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

(இந்த இடத்தில் இருவரையும் அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். கை மேடம் குறுக்கே கோடு போட்டுவிட்டார். அப்போது கடைக்கு வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டாராம், கண்ணாடியின் மூக்குத்தாங்கி உடைந்துபோய். முதலில் அதை மாட்டிக்கொடுக்க வேண்டியிருந்ததாம்.)

வாடிக்கையாளர் போனதும் அனுமதி கிடைத்தது. வகுப்புக்கு மட்டும், மாணவிகள் மட்டும் திறக்கக்கூடிய பக்கத்தில். அம்மாவின் பெயர் இருக்க வேண்டும், அடிவரி இருக்க வேண்டும், ஓரம்கூட வெட்டக் கூடாது. நான் ஒரு தடவை வந்து பார்ப்பேன் என்றார். வாங்கக்கா என்று கை மேடம் சொன்னபோது, அந்த அக்கா எப்போது வந்து ஒட்டியது என்று இருவருக்குமே தெரியவில்லை.

8

வந்தார். புதிதாக, நல்ல இயந்திரத்தில் ஸ்கேன் செய்த படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடிக் கடைக்காரர் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கை மேடம் வழக்கம்போல் ஆரம்பித்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், வரைந்தவர் ஏனோ தலைகீழாக வரைந்திருக்கிறார். எல்லாப் படத்திலும் இடது கைதான் இருக்கும், கவனியுங்கள். இடது கையில் உணர்வு நுட்பம் அதிகம் என்று அவர் கருதியிருக்க வேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்லிவந்த விளக்கம், குறிப்பேடுகளில் ஏறி, தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிய விளக்கம்.

கடைசி வரிசையில் ஒரு கை தயங்கி உயர்ந்தது.

"மேடம், அம்மா வலது கையில பென்சில் வெச்சிருந்தாங்க."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்று சொன்னார். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தன் வயிற்றைத் தானே குனிந்து பார்த்து வரைந்தார். வலது கை வரைந்தது, இடது கைதான் ஓய்வாக இருந்தது. படம் தலைகீழாகவும் இல்லை. செவிலியர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது தலைகீழ். வயிற்றைச் சுமக்கிறவள் குனிந்தால் அவள் கண்ணுக்கு இப்படித்தான் தெரியும்.

கை மேடம் திரையைப் பார்த்தார். அப்புறம் மாணவிகளைப் பார்த்து, இடது கை பற்றி நான் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள் என்றார். பன்னிரண்டு பேனாக்கள் ஒரே நேரத்தில் கோடு இழுத்த சத்தம் கேட்டதாம். முதலில் சிரித்தது கண்ணாடிக் கடைக்காரர்தான்.

பிற்பகல் செய்முறையில் தவறியவர்கள் இரண்டு பேர். போன வருடத்தைவிட ஒன்று அதிகம்தான். [பரவாயில்லை. அடுத்த வாரம் அந்த இரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள்.]

9

எத்தனை பக்கம் சார் சொன்ன 'சரியாப் போச்சு' இந்த இடத்தில் முடிகிறது. கையேட்டுக்கு இது போதும். கதைக்குப் போதவில்லை, ஏனென்றால் ஒரு படிவம் இன்னும் பாக்கி இருக்கிறது.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது கண்ணாடிக் கடைக்காரர் நூலகத்துக்குப் போய் அலுவலரிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கடையில் போனைக் காட்டினாரே, அந்தக் கர்ப்பிணி. தன் குழந்தை எப்படி இருக்கிறது என்று அந்தப் படத்தில்தான் தனக்குப் புரிந்தது, ஸ்கேன் அறிக்கையில் ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னார். இப்போது பக்கத்தை மூடிவிட்டோம். அப்படிப்பட்டவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

அலுவலர் ஒரு படிவம் கொடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று: வகுப்புக்கு மட்டும். மற்றது: யார் வேண்டுமானாலும், பெயரோடும் அடிவரியோடும், மாற்றாமல். எதில் குறியிட்டாலும் சரி, அவசரமில்லை, இரண்டாவதைத் திறந்துவிட்டால் திரும்ப மூடுவது கஷ்டம் என்று மட்டும் எச்சரித்தார்.

முடிவு, முதல் வடிவம்: கண்ணாடிக் கடைக்காரர் முதல் கட்டத்தில் குறியிடுகிறார். அம்மாவின் உடம்பு, தன் முதல் வீடு. அது ஒரு வகுப்பறைக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்று

முடிவு, இரண்டாம் வடிவம்: இரண்டாவது கட்டம். எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒரு கர்ப்பிணி போனைத் திறந்து, குனிந்து தன் வயிற்றைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்து

[இரண்டும் உங்கள் ஆசை. அக்காவிடம் கேட்டீர்களா?]

கேட்கவில்லை. உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். கை மேடம் படியைக் காட்டினார், படித்துவிட்டேன் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். மூக்குத்தாங்கி அல்ல, அன்றைக்கு உடைந்தது கண்ணாடியின் காதுக் கம்பி. அதைத் திருத்தச் சொன்னார். (திருத்தவில்லை. கை மேடம் மூக்குத்தாங்கி என்றே சாதிக்கிறார்.) முடிவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றேன். மறுமுனையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடி நிற்கும் சத்தம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்தக் கட்டத்தை நீங்க நிரப்பாதீங்க. புத்தகத்துல வராத படம் இன்னும் பதினாறு இருக்கு. வயித்துக்குள்ள நான் தலை திரும்பினதுக்கு அப்புறம் வரைஞ்சது. வியாழக்கிழமை கொண்டுபோய் அந்தப் பிள்ளைங்ககிட்ட காட்டப் போறேன். அவங்க கைவெச்சுப் பார்க்கிறதை நானும் பார்க்கணும். அப்புறம் யோசிக்கிறேன்."

இன்று வியாழன். காலை பத்து மணி வகுப்பு. திரையை இறக்கிவிட்டதாகக் கை மேடம் போனில் சொன்னார். வகுப்புப் பக்கமே தலைவைக்காத எத்தனை பக்கம் சார் முன் வரிசையில் வந்து உட்கார்ந்து, பதினாறு படத்துக்கும் குறிப்பெழுதப் பதினாறு தாள் எண்ணி வைத்திருக்கிறார். படிவம் கண்ணாடிக் கடைக்காரரின் கைப்பையில், கோப்புக்கும் பேனாவுக்கும் நடுவில் வந்துகொண்டிருக்கிறது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போனால் எழுதிவிடுவேன்.

எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். இருவரும் வைத்துக்கொள்வோம். என் பேனாவை இங்கே மூடுகிறேன். கண்ணாடிக் கடைக்காரருடையது இன்னும் திறக்கவில்லை.